போனில் மட்டும் சிவப்பு

உட்கார வைத்துக் கண்டித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பேரனை அழைத்துப் போக வந்த பாட்டியிடம், மொரீஷியஸில் நான் வேலை பார்க்கும் கிரெஷ் (குழந்தைக் காப்பகம்) வாசலில், பையனுக்குச் செருப்பு மாட்டிவிடும் நேரத்தில் சொன்னதுதான். "இரண்டு வயசு ஆகிற வரைக்கும் போனைக் கண்ணிலேயே காட்டாதீங்க." அவர் கோபப்படவில்லை. "அப்ப இவன்கிட்ட யாரு மிஸ் தமிழ் பேசுவாங்க?" என்றார். கேள்வியும் பதிலும் இங்கே அன்றாடம் பேசும் கிரியோல் மொழியில்தான் நடந்தன.

அவருக்குக் கோயிலில் பாடும் தேவாரம் கொஞ்சம் மனப்பாடம், பொருள் தெரியாது. மகனுக்கு அதுவும் இல்லை. யூடியூப் தமிழ்ப் பாட்டுதான் அந்த வீட்டில் வாய் திறந்து தமிழ் பேசும் ஒரே ஆள். 1998-இல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்காகக் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த சமூகம் நம்முடையது. அடுப்படியில் தமிழ் பேசத்தான் ஆள் இல்லை.

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் அதுதான்: இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கண்ணாலும் பார்த்தேன். போனில் சிவப்புக் கட்டம் வந்தால் பையன் "சிவப்பு" என்று கத்துவான். கிரெஷில் இருக்கும் சிவப்பு வாளியைக் காட்டினால் "ரூஸ்" என்பான், கிரியோலில் சிவப்பு. வாளியைப் போனுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். போன் சிவப்பு, வாளி ரூஸ்.

குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வை அன்று மனதில் வைத்துத்தான் பேசினேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழியில் நேரில் பேசி விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது கைவரவில்லை. சரி. ஆனால் அங்கே சீனம் பேச ஆள் இருந்தது. இந்தப் பாட்டியிடம் போனை வாங்கி வைத்துவிட்டு நான் யாரைக் கொடுத்தேன்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் கொஞ்சம் இளகி, ஒன்றரை வயதுக்கு மேல் வேண்டுமானால் நல்லதாகப் பார்த்து, பெரியவர் கூட உட்கார்ந்து காட்டலாம் என்றது. அதுவும் தெரியும். சொல்லவில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது இந்த வேலையில் நான் கண்டது. 'கொஞ்சம்' என்று நான் சொன்னால் அதை வீட்டில் யார் அளப்பது?

பாட்டி சொன்னபடி கேட்டார். போன் அலமாரிக்குள் போனது. பையன் மத்தியானம் ஒழுங்காகத் தூங்குகிறான், சாப்பிடும்போது அடம் இல்லை. பாட்டிக்கு என்மேல் பெரிய மரியாதை, அதுதான் உறுத்துகிறது. 'சிவப்பு' போய்விட்டது. போனோடு ஒட்டிக்கொண்டிருந்த சொல், எப்படியும் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வாளிவரை வந்து சேர்ந்திருக்குமோ என்றும் தோன்றுகிறது. பாட்டியும் கூடவே "சிவப்பு" சொல்லப் பழகியிருக்கலாம்.

சமீபத்தில் இன்னொரு தாய் இதையே கேட்டார். இந்த முறை, "பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து பாடுங்க" என்று சேர்த்துச் சொன்னேன். தலையாட்டினார். அவருக்கு எபென் நகரில் கால் சென்டர் வேலை, ஷிப்ட் முடிந்து வீடு சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.