ரத்தம் கேட்டுப் பாடிய லாரிக்காரர்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து மண்டைக்குள் ‘டிரான்ஸ்ஃப்யூஷன்’ (ரத்தம் ஏற்றுதல்) என்ற பாட்டு ஓடுகிறது. 1956இல் டாட் கம்பெனி போட்ட இசைத்தட்டு. பாடியவர் நெர்வஸ் நார்வஸ். எண்பதுகளில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்தபோது டாக்டர் டெமென்டோவின் வானொலி நிகழ்ச்சியில் கேட்டது. கிறுக்குப் பாட்டுகளுக்கென்றே நடந்த நிகழ்ச்சி அது. எனக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை. ஆனாலும் அறைத் தோழர்களோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கதை இவ்வளவுதான். ஒருவன் கண்மண் தெரியாமல் காரை ஓட்டுவான். டயர் கிறீச்சிடும், கண்ணாடி நொறுங்கும். இனிமேல் வேகமாகவே போகமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, ரத்தம் ஏற்றச் சொல்வான். அடுத்த சரணத்தில் மறுபடியும் மோதல், மறுபடியும் சத்தியம். பெரும்பாலும் ரத்தத்துக்கு ஒரு செல்லப் பெயர் வரும். அதற்கு இயைபாக, ஏற்றிவிடும் ஆளுக்கும் ஒரு பெயர். அதில் ஒருவன் பாரெட். டெமென்டோவின் சொந்தப் பெயரும் பாரெட் ஹான்சன்! கடைசியில் ‘ஓ’ குரூப்பாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு முடிப்பான்.

ஜூன் 11, புதன்

மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். “அடிபட்டுக் கிடக்கிறவனை வைத்து என்னங்க சிரிப்பு?” என்றாள்.

அன்றைக்கும் இதே பேச்சுதான். பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்துவிட்டன. காரணம் இல்லாமல் இல்லை. இளம் சினிமா நட்சத்திரம் ஜேம்ஸ் டீன் கார் விபத்தில் இறந்தது 1955 செப்டம்பர் 30. அந்த வருடங்களில் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள்; பெரும்பாலான கார்களில் சீட் பெல்ட்கூடக் கிடையாது. ஆனால் பெரியவர்கள் முகம் சுளித்த தட்டைப் பிள்ளைகள் விடுவார்களா? அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. இதே கம்பெனியின் பெரிய நட்சத்திரம், அம்மாக்களுக்குப் பிடித்த நல்ல பிள்ளை பாட் பூன். என்ன பொருத்தமோ!

ஜூன் 14, சனி

பெர்க்லிக்குப் பக்கத்து ஊரான ஓக்லண்ட் வழியாக 880 நெடுஞ்சாலையில் போனோம். இன்னொரு நெடுஞ்சாலையான 580இல் கனரக லாரிகளை விடுவதில்லை என்பதால் எல்லாம் இங்கேதான் வந்து அடைகின்றன. நார்வஸின் நிஜப் பெயர் ஜிம்மி டிரேக். ஓக்லண்டில் வாழ்ந்தவர், லாரி ஓட்டிப் பிழைத்தவர். மற்றவர்கள் எழுதி அனுப்பும் பாட்டுகளைக் காசு வாங்கிக்கொண்டு மாதிரிக்காகப் பாடிப் பதிவு செய்தும் கொடுப்பார். ரெட் பிளான்சார்ட் என்ற வானொலிக் கலைஞரின் கோமாளிப் பேச்சில் மயங்கி, அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டார். பாட்டு வெளிவந்தபோது வயது 44. ராக் அண்ட் ரோல் பையன்களுக்கு அப்பா வயது!

எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டும் போகவில்லை, அவ்வளவு கூச்சம். ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் எல்விஸ் பிரெஸ்லியே அந்த மேடைக்குப் போன வருடம் அது. விளம்பரத்துக்குச் சூட்டிய பெயர் என்றுதான் நெர்வஸை நினைத்திருந்தேன். மனிதர் நிஜமாகவே நடுங்கியிருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

அவருடைய மற்றப் பாட்டுகளையும் கேட்டுப் பார்த்தேன். ‘ஏப் கால்’ அதே வருடம் 24ஆம் இடத்தைத் தொட்டது. குரங்குக் கூச்சலை ஒரு தடவை ரசிக்கலாம், அதற்கு மேல் முடியவில்லை. ‘தி ஃபேங்’ எடுபடவில்லை. 1968இல் இறந்தார். ‘டிரான்ஸ்ஃப்யூஷன்’ தட்டின் மறுபக்கத்தில் இருக்கும் ‘டிக்’ இந்த இரண்டையும்விடத் தேவலை என்பது என் கட்சி. மனைவிக்கு அதுவும் பிடிக்கவில்லை.