சிறுநீரக நரம்பைச் சுட்டால் குறட்டை குறையுமா?

உறக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறும், எதற்கும் அடங்காத இரத்த அழுத்தமும் சேர்ந்து வாய்த்தவன் நான். இரவில் காற்றை அழுத்தமாகச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபேப் முகமூடி, காலையில் மூன்று வகை மாத்திரை. அப்படியும் மேல் அளவு 150-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. தொடையிடுக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டுவிட்டால் இரண்டு நோயும் தணியுமாம் என்று மைத்துனர் செய்தி அனுப்பினார். விடுவேனா?

"குறட்டைக்கும் சிறுநீரகத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் மனைவி. சம்பந்தம் இருக்கிறது. மூச்சு நிற்கும்போதெல்லாம் ஆக்சிஜன் குறைந்து, ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. அவற்றின் தூண்டுதலால் சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை மேலும் நெருக்குகிறது.

போலந்தின் வார்சா நகர மருத்துவர்கள் இரண்டு நோயும் உள்ள 10 பேருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் மூச்சுத் தடை மணிக்கு 16.3 முறையிலிருந்து 4.5 ஆகக் குறைந்ததாம். வங்கித் தணிக்கையில் காலம் கழித்தவனுக்கு இந்தக் கணக்கு போதாது. பத்தே பேர், ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்பும் இல்லை.

எனக்குப் பிடித்தது 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வுதான். 535 பேர். ஒரு பகுதியினருக்கு நரம்பைச் சுடாமல், சுட்டதுபோலப் பாவனை மட்டும். தமக்கு எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சுட்டவர்களுக்கு அழுத்தம் 14 புள்ளி குறைந்திருந்தது; சும்மா படுத்து எழுந்தவர்களுக்கும் 12! ஆய்வில் சேர்ந்த பிறகு மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கியிருப்பார்கள் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அந்த ஒரு முடிவால் பல ஆண்டுகள் இந்தச் சிகிச்சையின் மவுசு சரிந்து கிடந்தது.

பிறகு கருவிகளைத் திருத்தினார்கள், ஆய்வுகளையும் கறாராக நடத்தினார்கள். 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டு கருவிகளுக்கு அனுமதி தந்தது. ஒன்று மீயொலியால் சுடுவது, மற்றது ரேடியோ அலையால். ஆனால் அனுமதி இரத்த அழுத்தத்துக்கு மட்டுமே, மூச்சுத் தடைக்கு அல்ல. மைத்துனர் அனுப்பிய செய்தியில் இந்த வரி இல்லை. கிடைக்கும் குறைவும் சராசரியில் சில புள்ளிகள்தான். அதற்காக ஏளனம் செய்யவும் மனமில்லை. நான் மல்லுக்கட்டும் முகமூடிகூடச் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் குறைக்கிறது. முகமூடி என் மூச்சுக்கு, அதைக் கழற்றப்போவதில்லை.

மருத்துவரிடம் கேட்டேன். 24 மணி நேர அழுத்தப் பதிவு, உப்பை உடலில் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனுக்கான பரிசோதனை இரண்டையும் முதலில் முடிக்கச் சொன்னார். முடிவுகளைப் பார்த்துவிட்டு அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனை நான்காவது மாத்திரையாகச் சேர்த்திருக்கிறார். தேங்கும் நீரை இறக்குவதால் மூச்சுத் தடைக்கும் ஓரளவு உதவலாம் என்கிறார். இந்த மாத்திரையால் பொட்டாசியம் ஏறாமல் பார்க்க அடுத்த வாரம் இரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை பொட்டாசியம் நிறைந்த இளநீர் கூடாதாம். அதுவும் இந்தச் சித்திரை வெயிலில்.