37.5-இல் தேடினேன், குவியம் 24-இல் இருந்தது

பரவளையத் தட்டின் உள்ளே பளபளக்கும் பிலிம் ஒட்டிச் சூரிய அடுப்பு செய்கிறேன். மூன்று ஞாயிறு போராடி, நேற்றுதான் குவியத்தில், அதாவது வெளிச்சம் ஒன்றுசேரும் இடத்தில், பிடித்த அட்டையில் புகையைப் பார்த்தேன். அதுவரை தட்டு காட்டியதெல்லாம் அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு மந்தமான வெளிச்சத் திட்டு. பிலிம் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் பிலிம்.

தட்டின் வாய் 90 செ.மீ. குறுக்கே சட்டம் வைத்து, இடது விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்கு ஒருமுறை ஆழம் எடுத்ததில் y = x²/150 − 0.6x என்று வந்தது (x விளிம்பிலிருந்து தூரம், y சட்டத்திலிருந்து உயரம்; சட்டத்துக்குக் கீழே என்றால் கழித்தல்). முழு வர்க்கமாக்கினால் (x − 45)² = 150(y + 13.5). 4a = 150, a = 37.5. தட்டின் அடிப்புள்ளியான முனைக்கும் குவியத்துக்கும் உள்ள தூரம்தான் இந்த a. இதுவரை குற்றமில்லை. அந்த 37.5-ஐ சட்டத்திலிருந்து மேலே அளந்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன். முனை சட்டத்துக்கு 13.5 கீழே கிடக்கிறது. அங்கிருந்தல்லவா அளக்க வேண்டும்! குவியம் (45, 24). சட்டத்துக்கு மேலே வெறும் 24 செ.மீ.

ஆழம் எடுப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. முதலில் நூல் கட்டினேன். ஸ்கேல் பட்டதும் நூல் 5 மி.மீ. அழுந்தி, நடு ஆழம் 13 என்று காட்டியது. அதை நம்பியிருந்தால் a கிட்டத்தட்ட 39 ஆகியிருக்கும். அலுமினியச் சட்டத்துக்கு மாறியபிறகுதான் நிம்மதி.

இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் x(90 − x)-ஐ ஆழத்தால் வகுத்துப் பார்க்கிறேன். எங்கும் ஒரே எண், அதாவது செவ்வகலம் (அந்த 4a), வரவேண்டும். 15-இல் ஆழம் 7.5, 30-இல் 12, இரண்டுக்கும் 150. ஆனால் 75-இல் 8.2 இருந்தது, வகுத்தால் 137! தடவிப் பார்த்தால் வெளிப்பக்கம் ஒரு புடைப்பு. ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி 7.6-க்குக் கொண்டுவந்தேன். 148. போதும்.

பிலிம் வாங்குகிறவர்கள் சுருளாகவே கேளுங்கள். எனக்கு மடித்து அனுப்பினார்கள். மடிப்புக்கோடு என்ன தேய்த்தும் போகவில்லை. சூரியன் அரை டிகிரி அகலம்தான், கணக்குப்படி நடுவே 3.5 மி.மீ. பொட்டு விழவேண்டும். எனக்கு விழுவது 5 செ.மீ. (கறுப்புக் கண்ணாடி போடாமல் அதைப் பார்க்காதீர்கள்.)

அடுத்து ஒரு ஆஃப்செட் டிவி தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அதில் முனை நடுவில் இருக்காது, கீழ் விளிம்பை ஒட்டியோ அதற்கும் வெளியிலோ போய்விடும். இப்போதைய அடுப்பில் பாத்திரம் தாங்கும் கையையே இன்னும் பற்றவைக்கவில்லை. ஒரு குச்சியைக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.