தேயிலைக்குத் திறந்த வழி, மென்பொருளுக்கு மூடிய வழி

இலங்கையின் ஹட்டனில் இருந்து தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் மென்பொருள் எழுதுவது எனது தொழில். கொழுந்து நிறுவையில் தொடங்கி, எந்த இன்வாய்சில் எத்தனை பை, என்ன தரம், எந்தச் சாம்பிள் யாருக்குப் போயிற்று என்பது வரை அது பதிந்து வைக்கும். கடந்த ஆண்டு ஓர் ஏற்றுமதியாளரின் வழியாக, தெஹ்ரானில் தேயிலை இறக்குமதி செய்யும் ஒருவர் அதற்கு உரிமம் கேட்டார். விலையை எழுதி முடித்த பிறகே, நாங்கள் அறிக்கை அச்சிடப் பயன்படுத்தும் அமெரிக்க மென்பொருள் கூறு ஒன்றின் உரிம ஒப்பந்தத்தை ஒழுங்காக வாசித்தேன். கியூபா, ஈரான், வட கொரியா முதலான நாடுகளுக்கு நேரடியாகவோ பிறர் வழியாகவோ கொடுக்க மாட்டேன் என்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பெட்டியில் சரி குறியிட்டு நானே ஒப்புக்கொண்டிருந்தேன்.

இலங்கையர் எழுதிய மென்பொருளை அமெரிக்கச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும் என்று நண்பர்கள் கேட்டார்கள். அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் ஏற்றுமதி விதிகள் பொருளைப் பின்தொடர்ந்து செல்பவை. வெளிநாட்டில் உருவான மென்பொருளிலும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட அமெரிக்கப் பகுதியின் பெறுமதி, ஈரான் போன்ற நாடுகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால், அனுமதி தேவைப்படும். அமெரிக்கத் திறைசேரியின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் விதிக்கும் தடைகள் வேறு. டொலரில் வரும் பணம் நியூயோர்க் வங்கிகளைத் தொட்டே வருவதால், மென்பொருளில் அமெரிக்கர் எழுதிய ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் பணம் பாதியிலேயே நின்றுவிடலாம்.

இத்தனைக்கும் எங்கள் தேயிலை அங்கே போகிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனை, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. உணவுப் பொருளுக்கு விலக்கு உண்டு. அந்தத் தேயிலையின் கணக்கை வைக்கும் மென்பொருளுக்கு அது இல்லை. தனிநபர் தொடர்பாடலுக்கான மென்பொருள்களுக்கு அமெரிக்கா பொது அனுமதி அளித்திருக்கிறது. வணிகக் கணக்கேடு அந்த வகையில் சேராது.

என்னை வருத்துவது, தடையைவிட, அதற்குள் இருக்கும் அனுமதி யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான். 2019 ஜூலையில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் அமெரிக்கத் தளமான கிட்ஹப், ஈரானிய நிரலாளர்களின் தனிப்பட்ட களஞ்சியங்களை முடக்கியது. பின்னர் திறைசேரியிடம் உரிமம் பெற்று 2021 ஜனவரியில் மீண்டும் திறந்தது. அதே 2019 அக்டோபரில், வெனிசுவேலாவின் கணக்குகள் அனைத்தையும் மூடப்போவதாக அறிவித்த அமெரிக்க மென்பொருள் நிறுவனம் அடோபி, அம்மாதம் முடிவதற்குள்ளேயே உரிமம் பெற்றுச் சேவையைத் தொடர்ந்தது. வழக்கறிஞர்களை அமர்த்தக்கூடிய கம்பனிகளுக்கு அந்தக் கதவு திறக்கிறது. எங்கள் கூறின் விற்பனையாளரிடம் இதற்கென அமெரிக்க அரசிடம் உரிமம் கோர முடியுமா என்று எழுதிக் கேட்டேன். தடைசெய்யப்பட்ட நாடுகளின் பட்டியலே பதிலாக வந்தது.

அந்தக் கூறை நீக்கிவிட்டு, எவரும் பெறும்படி வெளியிடப்பட்ட திறந்த மூல மென்பொருள் கூறு ஒன்றைப் பொருத்த எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது. அப்படி வெளியிடப்பட்ட நிரல் பெரும்பாலும் அந்த ஏற்றுமதி விதிகளுக்குள் வராது. பிறகு கொழும்பிலுள்ள வங்கிக்குப் போனேன். பணம் எந்த நாட்டிலிருந்து வரும் என்று அதிகாரி கேட்டார். சொன்னதும் விண்ணப்பத்தை மடித்து, மரியாதையாகத் திருப்பித் தந்தார். அன்றிரவே தெஹ்ரானுக்கு, விற்க இயலாது என்று எழுதினேன். தம்முடைய பை எண்களைக் குறித்து வைப்பதற்காக, எங்கள் பதிவேட்டில் விவரங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று மட்டும் அவர் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறேன்.