பிஎச்.டி. இன்டர்வியூ: கார்பன் கணக்கு போடாம உள்ளே போகாதீங்க

நேத்து சாயங்காலம் லிஸ்ட் வந்துச்சு. கெமிக்கல் இன்ஜினியரிங், பயோமாஸை (செடி, பயிர்க் கழிவை) வேதிப்பொருளா மாத்தற கேட்டலிஸ்ட் (வினையூக்கி) ஆராய்ச்சி. என் பேர் இருக்கு. ரெண்டாவது முயற்சி. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

போன வருஷம் வேற ஒரு இடத்துல ஒரே கேள்வியில போச்சு. கேட் ஸ்கோர் நல்லாவே இருந்துச்சு. பேராசிரியரோட பேப்பர்ல எந்த கேட்டலிஸ்ட்டுக்கு எத்தனை சதவீதம் விளைச்சல்னு மனப்பாடம். சார் போர்டுல குளுக்கோஸ்னு எழுதி, "100 கிராம் முழுசும் எச்.எம்.எஃப்.ஆ மாறினா எத்தனை கிராம் வரும்?"னார். எச்.எம்.எஃப்.னா சர்க்கரையில இருந்து தண்ணி கழிஞ்சு வர்ற ஒரு ஃபியூரான் வகைப் பொருள். "100 கிராம் சார்"னேன். மூணு தண்ணி மூலக்கூறு கழியுதே! மூலக்கூறு எடை 180-ல 126தான் மிஞ்சும். அதாவது 70 கிராம். ஆறு கார்பனும் அப்படியே இருக்கு, 30 கிராம் தண்ணியா போயிருச்சு. அப்புறம் கேட்ட எதுவும் காதுல ஏறலை.

எங்களுக்கு ஆத்தூர் பக்கம். அப்பாவுக்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில வேலை. திப்பி (மரவள்ளிக்கிழங்குல மாவு எடுத்த சக்கை) காயிற களத்தோரம் உக்காந்து, படிச்ச பேப்பரை எல்லாம் மறுபடி எடுத்தேன். உள்ளே போன கார்பன்ல திரவம் எவ்வளவு, வாயு எவ்வளவு, கரி எவ்வளவு, கேட்டலிஸ்ட் மேல படிஞ்ச கோக் (கரிப் படிவு) எவ்வளவு? பல பேப்பர்ல கூட்டினா 100 வராது. கேள்வி அந்த விடுபட்ட இடத்துலதான் வரும். எச்.எம்.எஃப்.ல அது பெரும்பாலும் ஹ்யூமின், அந்தப் பழுப்புக் கசடு.

நான் தனியா நோட்டு போட்டுப் படிக்கிற ஆள். குரூப் ஸ்டடி வேண்டாம்னுதான் சொல்வேன்.

கைவசம் இருக்க வேண்டியவை:
- இசட்.எஸ்.எம்-5 (ஜியோலைட்டுங்கிற நுண்துளைக் கேட்டலிஸ்ட்ல ஒரு வகை) துளை சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம். குளுக்கோஸ் நுழையத் திணறும், ஃபியூரான் நுழையும்.
- பயோ ஆயில்ல (பயோமாஸை காத்தில்லாம சூடாக்கினா வர்ற எண்ணெய்) ஆக்சிஜன் ஏன் அவ்வளவு, ஹைட்ரஜன் கொடுத்து ஏன் எடுக்கறோம்.
- துகளைப் பொடியாக்கினா வேகம் கூடுதா? அப்ப டிஃப்யூஷன் (துளைக்குள்ள பரவறது) தடை. தீலே மாடுலஸ் (வினை வேகத்தையும் டிஃப்யூஷன் வேகத்தையும் ஒப்பிடற எண்) இதுக்குத்தான்.

இந்தத் தடவை மேடம், "உங்க ஊர்ல என்ன பயோமாஸ்?"னாங்க. திப்பின்னேன். "ஈரமா இருக்குமே?"

ஒரு கிலோ தண்ணி ஆவியாக 2,257 கிலோஜூல், அதனால பைராலிசிஸுக்கு (காத்தில்லாம சூடாக்கி உடைக்கறதுக்கு) ஈரத்தோட போட்டா கட்டுப்படியாகாது. மிச்ச ஸ்டார்ச் இருக்கறதால தண்ணியிலேயே உடைச்சு குளுக்கோஸ் எடுக்கலாம், ஆனா சுடுதண்ணியில பல ஜியோலைட்டோட கட்டமைப்பு சிதையும்னு சொன்னேன். சாக்பீஸ் கொடுத்தாங்க. கார்பன் கணக்கை போர்டுல போட்டுட்டுத்தான் உக்காந்தேன்.

சேர வரும்போது ஒரு கிலோ காஞ்ச திப்பி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. "எடை பார்த்துட்டுக் காயப்போடு கண்ணு"ன்னு அப்பா காலையிலயே களத்துல ஓரமா இடம் ஒதுக்கிட்டார்.