ஒன்பதாவது வளைவில் ஒடிந்த பிராக்கெட்

"அண்ணா, நீங்க போட்டுக் குடுத்த பிராக்கெட் ஒடஞ்சிருச்சுங்க. வண்டி நின்னுபோச்சு."

வால்பாறை மலைப்பாதையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்திலிருந்து வந்த போன் அது. பொழுது சாய்ந்திருந்தது. பின்னால் மனைவி, டேங்க் மேல் நாலு வயதுக் குழந்தை. யானை நடமாடும் பாதை. ஒரு லாரிக்காரர் மூவரையும் ஆழியாறு வரை இறக்கிவிட்டார் என்று தெரியும்வரை நான் பட்டறையைப் பூட்டவில்லை.

வண்டி பழைய புல்லட் 350, பேட்டரி கரண்ட்டில் தீப்பொறி கொடுக்கும் பிளாட்டினம் பாயின்ட் உள்ளது. பேட்டரிக்கு ஏறும் சார்ஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரை யாரோ கழற்றி சீட்டுக்கு அடியில் காற்றுப் புகாத மூலையில் கட்டிவைத்திருந்தார்கள். ரெகுலேட்டர் சூடாகும் பொருள், அதன் மேல் பட்டை பட்டையாக வரிகள் இருப்பதே காற்றுக்காகத்தான். அது வெந்துபோகவே, வண்டிக்காரர் புதியதை முன்பக்க டவுன் டியூபுக்கு, அதாவது இன்ஜினுக்கு முன்னால் இறங்கும் சேசிஸ் குழாய்க்கு, மாற்றச் சொன்னார். இடம் சரிதான். பிழை நான் செய்த பிராக்கெட்டில்.

ஒடிந்த துண்டைக் கையில் வாங்கியதுமே புரிந்தது. 2 எம்எம் தகட்டை வைஸில் பிடித்து, சுத்தியலால் கூர்மையாக எல் வடிவில் மடக்கியிருந்தேன். மடிப்பின் வெளிப்பக்கம் நான் ஊசியால் கிழித்த அளவுக்கோடு இருந்தது. விரிசல் அந்தக் கோட்டிலேயே தொடங்கி ஓடியிருந்தது. ஒரே பக்கம் பிடிமானம், மறுமுனையில் அந்தரத்தில் ரெகுலேட்டர். பிராக்கெட் ஒடிந்து, ரெகுலேட்டர் வயரில் தொங்கியதும் வயரைச் சேர்க்கும் கப்ளர் கழன்றிருக்கிறது. சார்ஜ் ஏறாத பேட்டரி ஹெட்லைட்டையும் தீப்பொறிக்கான காயிலையும் எவ்வளவு நேரம் தாங்கும்?

ரெகுலேட்டரின் எடைக்கு அந்தத் தகடு தாராளம். அதனால்தான் ஏமாந்தேன். புல்லட்டின் பிஸ்டன் 70 எம்எம் அகலம், ஏறி இறங்கும் தூரம் 90 எம்எம். 3000 ஆர்பிஎம்மில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 1,80,000 சுற்று, சுற்றுக்கு ஓர் உதறல். பிராக்கெட்டை உடைத்தது எடையில்லை, இந்த உதறல்தான். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மாமா "நிக்கற வண்டிய வெச்சு அளவெடுக்காத தம்பி" என்பார். நான் நிற்கிற வண்டியைத்தான் அளந்திருந்தேன்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மடித்து, டியூபில் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு பேரை ஏற்றி முன் ஃபோர்க்கை அமுக்கச் சொன்னேன், மட்கார்டு எவ்வளவு மேலே வருகிறது என்று பார்க்க. ஹேண்டிலைக் கடைசிவரை இரு பக்கமும் திருப்பினேன். முதல் அட்டை இடதுபக்கம் இடித்தது. கிழித்துப் போட்டு இன்னொன்று வெட்டினேன்.

3 எம்எம் தகடு. கோட்டை மார்க்கரில் மட்டும் போட்டேன். வைஸ் தாடையில் ஓர் உருண்டைக் கம்பியை வைத்து, அதன் மேல் வளைத்ததால் மடிப்பு உருண்டு வந்தது. துளைகளை மடிப்பிலிருந்து தள்ளிப் போட்டு, பிசிறையெல்லாம் அரத்தால் எடுத்தேன். சேசிஸில் வெல்டிங் வைக்க எனக்கு மனம் வராது, சூடு பட்ட இடத்தில் டியூப் பழைய டியூபாக இருக்காது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கிளாம்ப், உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர், உதறலில் தளராத நைலாக் நட்டு. ரப்பர் இருப்பதால் ரெகுலேட்டருக்கு சேசிஸ் வழியாக எர்த் கிடைக்காது. அதற்குத் தனியாக ஒரு கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவ்வுக்கே இழுத்தேன். ஹேண்டில் திரும்பும்போது இழுபடாமல் வயருக்குக் கொஞ்சம் தளர்வும் விட்டேன்.

எல்லா போல்ட்டும் 10 நம்பர் ஸ்பேனரில் கழல வேண்டும், ஸ்பேனர் திரும்ப இடமும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மலையில் ஏதாவது என்றால் கழற்றப் போவது நானில்லை.

காசு வாங்கவில்லை. அவர் கொடுக்கப் பார்த்தார், எனக்குக் கை நீளவில்லை.

மறுபடி வால்பாறை போய்த் திரும்புகையில் பட்டறைக்கு வந்தார்கள். மடிப்பைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மீண்டும் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிக் காத்திருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் ஈரக்கோடாக வெளியே வரும். பொடி வெள்ளையாகவே இருந்தது. அதற்குள் குழந்தை டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள்.