பிளைவுட்டுல ஒரு செஸ்னா: வெட்டுறதுக்கு முந்தின வேலை

ஜூன் 7, சனி

வீட்டு மாடி ரூம்ல பிளைட் சிமுலேட்டருக்குப் பலகைல பைலட் கூண்டு, அதான் காக்பிட்டு, செய்யறதுங்க. எந்த காக்பிட்டுன்னு முடிவாயிருச்சு, செஸ்னா 172ங்கற சின்ன விமானத்தோடது. விமானப்படைத் தளம் இருக்கற சூலூர்ல இருந்துட்டு தேஜஸ் போர் விமானம் செய்யாம செஸ்னாவாடான்னு மாப்ள கிண்டல் பண்றான், அதுதான் தெனமும் தலைக்கு மேல கத்திட்டுப் போகுதே போதாதா. செஸ்னான்னா பாதிக்கு மேல தட்டைப் பலகைதான், வளைவு கம்மி, வாள் போட்டு நேரா இழுத்துரலாம். நெச விமானத்துல உள்ளகலம் சுமார் 40 இன்ச்சு, நம்ம மாடி ரூம் கதவு 32 இன்ச்சு. அதனால ஒரே பெட்டியா அடிக்கற பேச்சே இல்ல, அடித்தட்டு ரெண்டு பாதி, பேனல் தனி, மேல் மூடி தனி, எல்லாத்தையும் மேல கொண்டுபோய் போல்ட்டு போட்டுக்கறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்னைக்குப் பூரா பேனல் மட்டும்தான். பைலட்டுக்கு நேரா வர்ற ஆறு மீட்டர், மேல் வரிசைல வேகம், அடிவானம், உயரம், கீழ விமானம் திரும்பறதைக் காட்டற டர்ன் கோஆர்டினேட்டர், திசை, ஏத்த எறக்கம். நெசத்துல ஓட்டை மூணு இன்ச்சு ஒரு நூலு, மில்லிமீட்டர்ல 79.4. வட்ட ஓட்டை போடற ஹோல் சா 80ல கிடைக்கும்ங்கறதால 80னே போட்டாச்சு. மையத்துக்கு மையம் 92 வெச்சா ஆறும் சேந்து 264க்கு 172ல அடங்கிருது, ஓட்டை வழியா மீட்டரு முள்ளைக் காட்டறதுக்குப் பின்னாடி நிக்கற 24 இன்ச்சு மானிட்டரோட திரை 531க்கு 299, அப்ப வலப்பக்கம் ஆயில் மீட்டர், இன்ஜின் சுத்தற வேகம் காட்டற டாக்கோமீட்டருக்கெல்லாம் தாராளமா எடம் இருக்குது. பலகை 6 மில்லி போதும். 18 போட்டா கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும், சைடுல இருந்து பாத்தா முள்ளே தெரியாது.

ஜூன் 11, புதன்

ஆசாரியண்ணங்கிட்ட பிளானைக் காட்டுனேன். அளவெல்லாம் கொடுத்தா வெட்டற பிளான் போடற ஆப் (app) எல்லாத்தையும் ஒரே எட்டுக்கு நாலு சீட்டுல அடக்கிக் காட்டுது, வேஸ்ட்டே இல்ல, பாக்க அழகாத்தான் இருக்குது. அண்ணன் கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டுப் பாத்தாரு. "ஏனுங் தம்பி, இதைய எங்கிருந்து அறுக்க ஆரம்பிக்கறதுங்?" அவ்ளோதான் கேட்டாரு. மெசின்ல போடற ரம்பம் இந்த ஓரத்துல நுழைஞ்சா அந்த ஓரத்துலதான் வெளிய வரும், பாதில நிறுத்தித் திருப்ப முடியாது, ஆப் போட்டு வெச்சிருக்கறது நடுவுல சுத்திச் சுத்தி மாட்டிக்கற கட்டம். அதனால மொதல்ல நீளவாக்குல பட்டை பட்டையா கிழிக்கறது, அப்பறம் ஒவ்வொரு பட்டையையும் குறுக்க வெட்டறது, அந்த வரிசைலயே பிளானைத் திருப்பிப் போட்டுட்டோம். ரெண்டு துண்டு அடுத்த சீட்டுக்குப் போயிருச்சு, போகட்டும். அறுக்க முடியாத சிக்கனம் எதுக்கு?

ரம்பம் திங்கற கணக்கும் இருக்குது, ஒரு வெட்டுக்கு 3 மில்லி. 1220 அகலத்தை நாலு பட்டை ஆக்குனா 305 வராதுங்க, மூணு வெட்டுக்கு 9 போயிரும், அதான் 302. கம்பெனி ஓரம் நசுங்கியிருந்தா அதையும் சீவணும், அப்ப 300னு வெச்சுக்கறது நிம்மதி. அடித்தட்டோட நீளம் எட்டடிப் பக்கமே ஓடணும்னு அண்ணன் பென்சில்ல அம்பு போட்டுக் குடுத்தாரு, பலகையோட மேல்நரம்பு, அதான் மேல தெரியற மரவரி, அந்தப் பக்கம்தான் ஓடும், ஆள் உக்காந்தா தொங்காது.

ஜூன் 14, சனி

கடைல சீட்டைப் பாத்து வெச்சாச்சு. ரூமுக்குள்ளதான் இருக்கப் போகுதுன்னு ஈரம் ஓரளவு தாங்கற எம்ஆர் ரகமே போதும், தண்ணி தாங்கற 710 ரகத்துக்குக் காசு குடுக்கத் தேவையில்ல. 18ன்னு எழுதியிருக்கற சீட்டை வெர்னியர் வெச்சுப் பாத்தா 17.4. பலகை சொருகற காடி எல்லாம் 17.5ன்னு மாத்திட்டேன், ரெண்டு சைடு பலகைக்கு நடுவுல வர்ற குறுக்குச் சட்டம் அத்தனையும் ஒரு மில்லிக்கு மேல கூடுது.

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இந்த அடி அடிக்கறப்ப எட்டடி சீட்டை பைக்குல வெச்சுக் கட்ட முடியாது, பட்டம் மாதிரி தூக்கிரும். திங்கக்கெழமை மாமா டாட்டா ஏஸ் சும்மா நிக்குதான்னு கேக்கணும், நேரா மரம் அறுக்கற மில்லுக்கே எறக்கிரலாம்.